கொல்லன்ர வீட்டில அண்டைக்கு ராத்திரி ஆர் ஆர் படுத்தவை

போன மாரியில, மழை விடாமல் கொட்டி கரண்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், ஸ்கொட்லாந்தில டண்டீயில இருக்கிற மச்சாள் வாட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பினா. பழுப்பு நிறப் பேப்பர், கோடு போட்ட கட்டம், மை ஊறின கிறுக்கல் எழுத்து. அதுக்குக் கீழ வொய்ஸ் மெசேஜ். "எடியே, நீதானே பழைய காணி உறுதியெல்லாம் வாசிக்கிறனி, இதில என்ன கிடக்கெண்டு பாத்துச் சொல்லு, எனக்குக் கண் பூத்துப்போச்சு, அதோட இதில ஒவ்வொரு வரியிலயும் டூ டூ எண்டு ஒருத்தர் வாறார், ஆரடி இந்த டூ?"

டூ எண்டு ஒருத்தரும் இல்லை. மேல உள்ளதேதான் எண்டதுக்கு டிட்டோ போடுறதை ரெண்டு எழுத்தில சுருக்கி எழுதியிருந்தவை. எங்கட பழைய உறுதிகளிலயும் மேற்படி மேற்படி எண்டு பக்கம் பக்கமா வரும்தானே, அந்த மாதிரி. இதைச் சொன்ன உடனே நான் பெரிய நிபுணி எண்டு மச்சாள் முடிவு கட்டிட்டா, அடுத்த மூண்டு மாசம் எனக்கு இரவில நித்திரை இல்லை.

விசயம் இதுதான். மச்சாள் கட்டினது ஒரு ஸ்கொட்லாந்துக்காரரை, ஆங்கஸ் பக்கத்து ஆள். அந்த மனுசன்ர தகப்பனுக்கு 75 வயசு பிறந்தநாள் வருது, குடும்ப மரம் ஒண்டு கீறி ஃப்ரேம் போட்டுக் குடுப்பம் எண்டு ரெண்டு பேருக்கும் ஆசை. அவையின்ர ஆக்கள் கிராமத்துக் கொல்லர் எண்டு வீட்டில கதை இருக்காம், அவ்வளவுதான் தெரியும். ஸ்கொட்லாண்ட்ஸ்பீப்பிள் எண்டு அவையின்ர அரசாங்க வெப்சைட் ஒண்டு இருக்கு, அதில காசு கட்டினா பழைய சென்சஸ், அதாவது குடிசன மதிப்புப் பக்கங்களைப் படமாவே பாக்கலாம். 100 வருசம் கழிஞ்சாத்தான் ஆக்களின்ர பேரோட திறந்து விடுவினம். கொல்லர் எண்ட உடனே எனக்கும் ஒரு பிடிப்பு வந்திட்டுது. என்ர அப்பப்பாவும் கொல்லர், திருகோணமலையில பாலையூற்றில பட்டறை வச்சிருந்தவர்.

முதல் வந்த பக்கம் 1841. சென்சஸ் 1801லயே தொடங்கீட்டுது, ஆனா நாடு முழுக்க ஆள் ஆளா பேர் எழுதி வச்சது 1841லதான் முதல். ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த வீட்டில ஆர் படுத்தவை எண்டதுதான் கணக்கு. குடும்பம் ஆர் எண்டது இல்லை, படுத்தது ஆர். இதை மண்டையில ஏத்த எனக்கே ரெண்டு நாள் பிடிச்சது. அண்டைக்கு மகள் பெரியம்மா வீட்டில நிண்டா அவ பெரியம்மா வீட்டுப் பக்கத்திலதான் இருப்பா. ஊர் சுத்தித் தைக்கிற ஒரு தையல்காரர் வந்து தங்கினா அவர் இந்த வீட்டு லிஸ்டில. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில ரெண்டு சரிவுக் கோடு, ஒரே கட்டிடத்துக்குள்ள ரெண்டு குடும்பம் எண்டா நடுவில ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கவனிக்காமல் மச்சாள் பக்கத்து வீட்டு நெசவுக்காரக் குடும்பம் முழுக்கத் தன்ர மாமனார் பரம்பரையில சேத்து வச்சிருந்தா, நான்தான் பிரிச்சு விட்டன்.

எங்கட கொல்லன்ர வீட்டில இருந்தது இவ்வளவுதான்: கொல்லன் 30. மனுசி 25. ஒரு பெடியன் 4, ஒரு பெட்டை 2, கைக்குழந்தை ஒண்டு 3 மாசம், அதுவும் பெட்டை. 15 வயசில ஒரு பெடியன், பக்கத்தில அப்ரெண்டிஸ் எண்டதுக்குரிய சுருக்கெழுத்து. கடைசியா 65 வயசில ஒரு கிழவி.

பாக்க வடிவா இருக்கு, ஆனா 1841 பெரிய களவாணிப் படிவம். 15 வயசுக்கு மேற்பட்ட ஆக்களின்ர வயசை 20, 25, 30 எண்டு கீழ உள்ள அஞ்சாம் எண்ணுக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தவை. 34 எண்டாலும் 30, 29 எண்டாலும் 25. அதோட ஆர் ஆருக்கு என்ன முறை எண்ட கட்டமே கிடையாது. பிறந்த இடம் கேட்டாலும் இதே கவுண்டியா இல்லையா, இல்லாட்டி இங்கிலாந்தா அயர்லாந்தா வெளிநாடா எண்டு மட்டும்தான். அதால அந்தக் கிழவி கொல்லனுக்குத் தாயா, மனுசிக்குத் தாயா, வாடகைக்கு இருந்த ஆரோ ஒரு ஆச்சியா எண்டு தெரியாது. கொல்லன்ர குடும்பப்பேரும் இல்லை அவவுக்கு, வேற ஒரு பேர். மச்சாள் சொன்னா மாமியாராத்தான் இருக்கும், இல்லாட்டி ஏன் வீட்டில வச்சிருக்கிறான் எண்டு. நான் சொன்னன் பொறு எண்டு.

ஒரு சின்னத் துப்பு இருந்தது. கிழவிக்கும் அந்த மூண்டு மாசக் குழந்தைக்கும் ஒரே பேர். ஸ்கொட்லாந்துக்காரரிட்ட பேர் வைக்கிறதுக்கு ஒரு பழைய முறை இருக்கு. மூத்த பெடியனுக்குத் தகப்பன்ர தகப்பன்ர பேர், ரெண்டாவது பெடியனுக்குத் தாயின்ர தகப்பன்ர பேர். மூத்த பெட்டைக்குத் தாயின்ர தாயின்ர பேர், ரெண்டாவது பெட்டைக்குத் தகப்பன்ர தாயின்ர பேர். எல்லாரும் கட்டாயம் பிடிச்சவை எண்டு இல்லை, ஆனா கன வீட்டில இருந்தது. இதைக் கேட்ட உடனே எனக்குச் சிரிப்பு, பேரன் எண்ட சொல்லே பேரனுக்குப் பாட்டன்ர பேர் வாறதால வந்ததுதானே, எங்கட வீட்டில அண்ணாவுக்கு அப்பப்பாவின்ர பேர்தான், அப்பம்மா அவனைப் பேர் சொல்லியே கூப்பிட மாட்டா, புருசன்ர பேராம், சாகும் வரைக்கும் "டேய் இவனே" தான். சரி, கைக்குழந்தை ரெண்டாவது பெட்டை. அப்ப முறைப்படி கிழவி கொல்லனைப் பெத்தவ. ஆனா இது ஊகம்தான், ஃப்ரேம் போட்டுக் குடுக்கிற மரத்தில ஊகத்தை எழுதேலாது.

அடுத்தது 1851, மார்ச் 30. இந்தப் படிவம் எவ்வளவோ திறம். தலைவருக்கு என்ன முறை, கலியாணம் கட்டினவரா, சரியான வயசு, தொழில், பிறந்த பாரிஷ், அதாவது எங்கட வேதக்காரர் பங்கு எண்டு சொல்றது, எல்லாம் இருக்கு. வீட்டுக்கு வீடு முதலே ஒரு பேப்பர் குடுத்திட்டு, திங்கக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போய், கணக்கெடுக்கிறவர் தன்ர கொப்பியில திருப்பி எழுதுறது. கன இடத்தில அது பள்ளிக்கூட வாத்தியார்தான், எங்கட ஊரில கிராமசேவகரையும் வாத்தியார்மாரையும் பிடிச்சு விடுற மாதிரி. நாங்கள் இண்டைக்குப் பாக்கிறது அந்தக் கொப்பியை. ஆகவே எழுத்துப் பிழை எல்லாம் கொல்லன்ர பிழை இல்லை, வாத்தியாரின்ர. இந்த வாத்தியார் ரெண்டு எஸ் சேந்து வந்தா முதல் எஸ்ஸை நீட்டி எஃப் மாதிரி இழுக்கிற பழைய காலத்து ஆள், ஜெஸ்ஸி எண்ட பேரை நான் ஒரு கிழமையா ஜெஃப்சி எண்டு வாசிச்சுக்கொண்டு இருந்தன். பிறகு லண்டனில கூட்டிப் பாத்த கிளாக்குமார் வயசுக்கு மேலயே பென்சிலால இழுத்து டிக் போட்டிருக்கினம், 38 ஓ 33 ஓ எண்டு கண்ணாடியைக் கழட்டிப் போட்டுப் பாக்கவேணும்.

கொல்லனுக்கு இப்ப 44, மனுசிக்கு 38. பத்து வருசத்துக்கு முதல் 30, 25 எண்டது எவ்வளவு பொய் எண்டு விளங்குதே. தொழில் எண்ட கட்டத்தில "கொல்லர், மாஸ்டர், ஒரு ஆளை வேலைக்கு வச்சிருக்கிறவர்" எண்டு கிடந்தது, மாஸ்டர் எண்டா சொந்தமாப் பட்டறை நடத்துறவர். அதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான், ஏனெண்டு பிறகு சொல்றன். மனுசியின்ர கட்டத்தில "கொல்லரின் மனைவி" எண்டு எழுதியிருக்கு. அதுவும் ஒரு தொழில்தான் போல. அவ்வளவு பேருக்கும் சமைச்சு, ஒரு கூலிக் கொல்லனுக்கும் சாப்பாடு போட்டு, கரி படிஞ்ச உடுப்பு எல்லாம் தோய்ச்சவவுக்கு மாஸ்டர் பட்டம் இல்லை.

மூத்த பெடியன் 14, தகப்பனிட்டயே அப்ரெண்டிஸ். அதுக்கு அடுத்த பெட்டை வீட்டில இல்லை. தேடித் தேடி ஒரு பின்னேரம் கண்டுபிடிச்சம், ரெண்டு மைல் தள்ளி ஒரு பண்ணையில, வேலைக்காரி, வயசு 12. கிழவி இல்லை. சரி, போய்ச் சேந்திருப்பா. அடுத்தது 10 வயசில இருக்கவேண்டிய அந்தக் கைக்குழந்தை. பேர் இருக்கு. அதே பேர். வயசு 6.

மச்சாள் சொன்னா வாத்தியார் வயசைப் பிழையா எழுதிப்போட்டார் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சன். பிறகு அந்தச் சேர்ச்சின்ர ஞானஸ்நானப் பதிவில தேடினா 1841லயும் ஒரு பிள்ளை, 1845லயும் ஒரு பிள்ளை, தாய் தகப்பன் அதே ரெண்டு பேர், பிள்ளையின்ர பேரும் ஒண்டு. முதல் பிள்ளை செத்துப்போச்சு. அப்பம்மாவின்ர பேர் வீட்டில இருக்கவேணும் எண்டு அடுத்துப் பிறந்த பெட்டைக்கு அதே பேரைத் திருப்பி வச்சிருக்கினம். அந்தக் காலத்தில அங்க அது வழக்கமாம். எங்கட ஆக்கள் வைப்பினமோ, அப்பம்மா இருந்திருந்தா நெஞ்சில கை வச்சிருப்பா. செத்த பிள்ளைக்குப் பதிவு ஒண்டும் கிடைக்கேல்லை. மூண்டு மாசக் குழந்தையா ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த வீட்டில படுத்ததுதான் மிச்சம். மை கொஞ்சம் ஊறி, எழுத்து தடிச்சு.

1855 ஜனவரி 1க்குப் பிறகு ஸ்கொட்லாந்தில பிறப்பு இறப்பு கலியாணம் எல்லாம் சட்டப்படி பதியத் தொடங்கீட்டுது, எங்கட வேலை அரைவாசி சுகமாப் போச்சு. அவையின்ர மரணப் பதிவில எனக்குச் சரியாப் பிடிச்ச விசயம், செத்தவரின்ர தாய் தகப்பன் ரெண்டு பேரின்ர பேரும் எழுதுவினம், தாயின்ர பேரோட அவ கலியாணத்துக்கு முதல் என்ன குடும்பப்பேர் எண்டதும். இங்கிலாந்துப் பதிவில அந்த நேரம் இது கிடையாது. கொல்லன் 1858ல செத்துப்போனார், 51 வயசு, காசம், எட்டு மாசம் எண்டு போட்டிருக்கு. அறிவிச்சது மகன், பக்கத்தில இருந்தவர் எண்டு அடைப்புக்குள்ள. தாயின்ர பேர் எண்ட இடத்தை மச்சாள் படம் எடுத்து அனுப்பேக்க நான் பஸ்ஸில, உப்புவெளி தாண்டி நிலாவெளிக்குப் போய்க்கொண்டு இருந்தன். பெருப்பிச்சுப் பாத்தா 1841 கிழவியின்ர அதே பேர், அதே குடும்பப்பேர். பக்கத்தில இருந்த மனுசி திரும்பிப் பாக்கிற அளவுக்கு நான் "அட கிழவி!" எண்டு கத்திட்டன். அந்த நாளில அங்க பொம்பிளையள் கலியாணம் கட்டினாலும் பிறந்த வீட்டுப் பேரை விடுறதில்லை, கன பத்திரத்தில ரெண்டும் இருக்கும், விதவையானாப் பழைய பேருக்கே திரும்பினவையும் உண்டு. அதாலதான் மகன் வீட்டிலயே இருந்தும் வேற பேர்ல கிடந்தவ. 17 வருசத்துக்குப் பிறகு மகன் செத்த பத்திரத்தில வந்துதான் அவ ஆரெண்டு தெரிஞ்சது.

1861 ஏப்ரல் 7 வந்தா வீட்டுத் தலைவி விதவை. வயசு 46. பத்து வருசத்தில எட்டு வயசுதான் கூடியிருக்கு, இருக்கட்டும், பெண் பாவம். இந்த முறை சென்சஸ் லண்டன்ர கையில இல்லை, எடின்பரோவில ஸ்கொட்லாந்துக்கெண்டு தனியா வந்த பதிவாளர் நாயகத்தின்ர கையில, அவர் ரெண்டு புதுக் கேள்வி சேத்தார். 5 வயசில இருந்து 15 வரைக்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளையள் எத்தினை. ஜன்னல் வச்ச அறை எத்தினை. இந்த ரெண்டாவது கேள்வியாலதான் அந்த நேரம் ஸ்கொட்லாந்து வீடுகளில மூண்டில ஒண்டுக்கு மேல ஒரே அறை வீடு எண்ட விசயமே வெளியில வந்தது. எங்கட கொல்லன்ர வீட்டுக்கு 2 எண்டு போட்டிருக்கு. முன்னறை அடுப்படி, உள்ளறை, அவ்வளவுதான். சுவருக்குள்ள அலுமாரி மாதிரி மரப்பெட்டிக் கட்டில் செய்து கதவைச் சாத்திக்கொண்டு படுப்பினமாம் குளிருக்கு. அந்த ரெண்டு அறையில அண்டைக்கு ராத்திரி எட்டுப் பேர்: தாய், மூத்த மகன் 24, பண்ணையில இருந்து திரும்பி வந்த மகள் 22, பேரைத் திருப்பி வாங்கின பெட்டை 16, ஒரு பெடியன் 14, பள்ளிக்கூடம் போற கடைசிப் பெட்டை 11, பட்டறையில வேலைக்கு நிக்கிற 15 வயசுப் பெடியன் ஒருத்தன், பிறகு பேரப்பிள்ளை எண்டு ஒரு ரெண்டு வயசு ஆண்பிள்ளை.

அந்த ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் குடும்பப்பேர் வேற. வேற எண்டா, மச்சாளின்ர பாஸ்போட்டில இண்டைக்கு இருக்கிற அதே பேர்.

ரெண்டு பேரும் ஃபோன்ல கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. 22 வயசு மகள் கலியாணம் கட்டாதவள் எண்டு அதே வரியில இருக்கு. பிறப்புப் பதிவில தகப்பன்ர கட்டம் வெறுமை. ஆனா பிள்ளைக்கு அவன்ர பேரைத்தான் வச்சிருக்கினம், அங்க அப்பிடிச் செய்யிறது புதுசில்லை. அந்த நாளில சேர்ச் மூப்பர்மார் கூடி இப்பிடியான பெட்டையளைக் கூப்பிட்டுத் தகப்பன் ஆரெண்டு விசாரிச்சு மினிட்ஸ் எழுதி வச்சிருக்கினம், ஊர்ப் பஞ்சாயத்துத்தான், கொப்பியோட. இதில ஒரு நல்ல விசயம், ஸ்கொட்லாந்துச் சட்டத்தில அப்பவே தாயும் தகப்பனும் பிறகு கலியாணம் கட்டினா அந்தப் பிள்ளை சட்டப்படியான பிள்ளை ஆகிடும், இங்கிலாந்தில 1926 வரைக்கும் அது இல்லை. இவை கட்டினவையோ எண்டு பாத்தம், கட்டேல்லை. அவள் 1871லயும் அதே வீட்டில, கலியாணம் கட்டாதவள், தொழில் தையல், மகனுக்கு 12 வயசு, பள்ளிக்கூடம்.

மாமியார் ஒரு கிழமை மச்சாளோட கதைக்கேல்லையாம். மாமனார்தான் சிரிச்சவராம், "அப்ப நாங்கள் உண்மையில பொம்பிளை வழியாலதான் கொல்லர்" எண்டு.

14 வயசுப் பெடியன் 1871ல இல்லை. 1881லயும் இல்லை. ஸ்கொட்லாந்தில எந்த மூலையிலயும் இல்லை, மரணப் பதிவும் இல்லை. கப்பல் ஏறியிருப்பான். கைவேலை வீடுகளில ஒருத்தனுக்குத்தான் பட்டறை கிடைக்கும், மிச்ச ஆம்பிளைப் பிள்ளையள் போகத்தான் வேணும். இதை மச்சாளுக்கு விளங்கப்படுத்தேக்க எனக்கு எங்கட நாட்டுத் தேத்தண்ணிக் கதைதான் வந்தது. ஜேம்ஸ் டெய்லர் ஆங்கசுக்கு வடக்கால ஒட்டின கின்கார்டின்ஷயரில 1835 மார்ச் 29 பிறந்தவர், தகப்பன் வண்டில் சில்லுச் செய்யிற தச்சன். அதுவும் இதே மாதிரி ஒரு நாட்டுப்புறக் கைவேலை வீடுதான். 1841 சென்சஸ் ராத்திரி அவருக்கு 6 வயசு. 1851 சென்சஸ் ராத்திரிக்கு முதல் நாள்தான் 16 முடிஞ்சது. அதே வருசம் ஒக்டோபரில கப்பல் ஏறி 1852ல இஞ்ச வந்து, லூல்கந்துறவில 1867ல 19 ஏக்கரில தேயிலை வச்சு, 1892ல செத்துக் கண்டியில மகியாவையில அடக்கம். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில அவர் தேயிலைத் தந்தை. அங்க தகப்பன்ர வீட்டு லிஸ்டில 1851க்குப் பிறகு வராத ஒரு பெடியன்.

மச்சாள் உடனே எங்கட பெடியனும் திருகோணமலைக்கு வந்திருப்பானோ எண்டு கேட்டா. ஸ்கொட்லாந்துக்காரருக்கு எங்கட ஊர் புதுசில்லை, 1795ல ஒல்லாந்தரிட்ட இருந்து கோட்டையைப் பிடிச்ச படையிலயே 72ஆம் ஹைலண்டர் ரெஜிமென்ட் இருந்தது, பிறகு டொக்யாட், நேவி எண்டு எத்தினையோ பேர். ஆசைக்கு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சவக்காலைக்குப் போய்ச் சுத்திப் பாத்தன். கல்லில உப்புக்காத்து தின்ன எழுத்து, ஆடு ரெண்டு. அவன் இல்லை, இருக்கிறதுக்கு ஒரு நியாயமும் இல்லை.

1881, 1891 எல்லாம் கெதியா முடிஞ்சது. 1881ல இருந்து கேலிக், அதாவது ஸ்கொட்லாந்தின்ர பழைய பாஷை, கதைப்பியளோ எண்டு ஒரு கேள்வி வருது, ஆங்கசில எல்லாம் வெறுமை. 1841ல அந்தத் தெருவில வீட்டுக்கு வீடு கைத்தறி நெசவு எண்டு மூண்டெழுத்துச் சுருக்கம் கிடந்தது, 1881ல ஒரே ஒரு கிழவன்தான் மிச்சம், இளசுகள் டண்டீ சணல் மில்லுக்குப் போட்டுதுகள். கொல்லுப்பட்டறை மட்டும் கிடக்கு, மூத்தவர் தலைமையில. குதிரை இருக்கும் வரைக்கும் லாடம் வேணும்தானே. ரெண்டு வயசுப் பிள்ளை வளந்து மாமன்ர பட்டறையில கொல்லனாகி 1891ல நாலு பிள்ளையோட தனி வீட்டில இருக்கு. மரத்துக்கு அது போதும்.

இப்ப அந்த மாஸ்டர் விசயம்.

எங்கட வீட்டிலயும் ஒரு லிஸ்ட் இருக்கு. 1990ல ஊரை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கேக்க முகாமில தந்த குடும்ப அட்டை. மட்டை மடிப்பில கிழிஞ்சு செலோடேப் ஒட்டி, அதுவும் மஞ்சளாகி. எனக்கு 7 வயசு எண்டு இருக்கு. அப்பம்மாவுக்கு 60 எண்டு இருக்கு, பிறப்புப் பத்திரம் பட்டறையோட எரிஞ்சதால ஆரோ குத்துமதிப்பாப் போட்டது. அப்பப்பாவின்ர பேருக்கு நேர தொழில் எண்ட இடத்தில "கூலி" எண்டு எழுதியிருக்கு. தம்பலகாமத்தில இருந்து கொழு அடிக்கவும் மண்வெட்டி தோய்க்கவும் வண்டில் கட்டிக்கொண்டு ஆக்கள் தேடி வந்த மனுசன், ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருந்தவர், கூலி. எழுதினவரைக் குறை சொல்லேலாது, ஆயிரம் சனம் லைனில நிக்கேக்க ஆர் பட்டறையைப் பற்றிக் கேக்கிறது. ஆனா அப்பா அந்த ஒரு சொல்லை மறக்கேல்லை, அட்டையை எடுக்கிற நேரம் எல்லாம் அந்த இடத்தைப் பெருவிரலால மறைச்சுக்கொண்டுதான் காட்டுவார்.

அதோட சித்தப்பாவின்ர பேர் அதில இல்லை. அண்டைக்கு முகாமில படுத்தவை மட்டும்தானே. 1981 குடிசன மதிப்பில அவர் அப்பப்பா வீட்டில ஒரு ஆளா எண்ணப்பட்டிருப்பார். 1991ல நாட்டில சென்சஸ் எடுக்கவேயில்லை, 2001ல எங்கட பக்கம் முழுசா முடிக்கேலாமல் போச்சு. அடுத்து எங்கட வீட்டு வாசல்ல வந்து முழுசா எண்ணினது 2012ல.

போன மாசம் மரம் முடிஞ்சு ஃப்ரேம் போட்ட படம் வந்தது. அப்பாவுக்குக் காட்டினன். அவருக்கு மரம் பெரிசாப் பிடிக்கேல்லை, 1861 பக்கத்தை லப்டொப்பில பெருப்பிச்சு வைக்கச் சொன்னார். எழுத்து விளங்காது, ஆனா கட்டத்தைப் பாத்துக்கொண்டே இருந்தார். நான் வரி வரியா வாசிச்சுச் சொன்னன். கொல்லர், மாஸ்டர், ஒரு பெடியனை வேலைக்கு வச்சிருக்கிறவர். அப்பாவுக்குக் கதை வந்திட்டுது. அங்கயும் சில்லுக்கு இரும்புப் பட்டம் போட்டிருப்பினமோ எண்டு கேட்டார், ஓம் எண்டன், தச்சன் சில்லைச் செய்து குடுக்க கொல்லன்தான் வளையம் போடுறது. உடனே எழும்பி நிண்டு கையால காட்டத் தொடங்கீட்டார். வளையத்தைச் சில்லை விட ஒரு விரலுக்குக் கொஞ்சம் குறைச்சு அடிக்கவேணும், வட்டமா நெருப்பு மூட்டிச் செக்கச் செவேலெண்டு காய்ச்சினா விரியும், நாலு பேர் குறட்டால தூக்கிச் சில்லில இறக்கி, மரம் பத்த முதல் தண்ணி ஊத்தவேணும், ஊத்தின உடனே சுருங்கி மரத்தை இறுக்கிற சத்தம் கேக்குமாம், "கிர்ர்" எண்டு, அந்தச் சத்தம் வராட்டி அப்பப்பா கழட்டச் சொல்லிப்போடுவாராம்.

பிறகு இருந்து, "அந்தப் பெடியனுக்கு எத்தினை வயசு" எண்டு கேட்டார்.

15 எண்டன்.

"துருத்திக்குத்தான் வச்சிருப்பாங்கள். எங்கட பட்டறையில தம்பிதான் துருத்தி. பத்து வயசில வந்தவன். நான் சம்மட்டி. இவன் இழுக்கிற இழுவையில உலை ஒரே சீரா நிக்கும், ஐயாவே சொல்லுவார்."

அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வச்சா. அப்பா குடிக்கேல்லை, திரைக்குக் கிட்டக் குனிஞ்சு அந்தப் பெடியன்ர வரி எதெண்டு விரலை வைக்கச் சொன்னார். வச்சன்.

"பேர் என்னவாம்?"

சொன்னன். ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தார், வாய்க்குள்ள சரியா வரேல்லை.